காய்ச்சலுக்குப் பிறகு மறுபடியும் உடற்பயிற்சி: எப்போது, எவ்வளவு, எதை வைத்து முடிவெடுப்பது

காய்ச்சல் விட்டு இரண்டு மூன்று நாள் ஆனதும் உடம்பு லேசாகத் தெரியும். பசி எடுக்கும், தலைபாரம் போயிருக்கும், விட்ட இடத்திலிருந்தே தொடங்கிவிடலாம் என்று கை பரபரக்கும். பயிற்சிக்குத் திரும்புகிற பலர் சறுக்குவது இந்த நாட்களில்தான். கிருமி அடங்கியிருக்கும், அது உடம்பில் செய்துவிட்டுப் போனது இன்னும் சரியாகியிருக்காது. அதிலும் எல்லாம் ஒரே வேகத்தில் சரியாவதில்லை. உற்சாகம் முதலில் வந்துவிடும். ரத்தத்தின் அளவு ஓரிரு வாரத்தில் மீளும். தசைக்கு இன்னும் சில வாரங்கள் வேண்டும், தசையை எலும்போடு இணைக்கும் தசைநாண்களுக்கு மாதங்கள். முதலில் திரும்பும் உற்சாகத்தை நம்பி, கடைசியில் திரும்பும் பாகத்தின் மேல் பாரத்தை ஏற்றுவதுதான் பெரும்பாலான சிக்கல்களுக்கும் காரணம்.

படுக்கையில் என்ன குறைகிறது என்று தெரிந்தால் மீதியெல்லாம் எளிதில் புரியும். படுத்த சில நாட்களிலேயே ரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மா குறையத் தொடங்குகிறது. காய்ச்சலில் வியர்வையும் சேர்ந்துகொண்டால் இன்னும் வேகமாகக் குறையும். இதயத்துக்கு வரும் ரத்தம் குறைவதால் ஒரு துடிப்பில் அது வெளியே தள்ளும் அளவும் குறைகிறது; அதை ஈடுகட்ட அதிக முறை துடிக்கிறது. எழுந்தால் கண்ணைக் கட்டுவதும், ஒரு மாடி ஏறினாலே இரைப்பதும் பெரும்பாலும் இதனால்தான். அடுத்து தசை. தொடை, கெண்டைக்கால், முதுகு என்று நம்மை நிமிர்த்தி வைத்திருக்கும் தசைகள்தான் முதலில் கரையும். ஆரோக்கியமான முதியவர்களைப் பத்து நாள் படுக்க வைத்துப் பார்த்த ஓர் ஆய்வில், இரு கால்களிலும் சேர்த்து ஏறக்குறைய 1 கிலோ தசை போயிருந்தது. நோயில் படுத்தவருக்கு அழற்சியும் குறைந்த சாப்பாடும் சேர்வதால் இழப்பு அதற்குக் குறைவாக இருக்க வழியில்லை.

1966இல் அமெரிக்காவின் டாலஸ் நகரில் இருபது வயது இளைஞர்கள் ஐந்து பேரை மூன்று வாரம் படுக்கையிலேயே வைத்திருந்தார்கள். எழுந்தபோது அவர்கள் உடம்பு ஆக்ஸிஜனைப் பயன்படுத்தும் உச்சத் திறன் கால்பங்குக்கும் மேல் குறைந்திருந்தது. முப்பது ஆண்டுகள் கழித்து அதே ஐவரை மறுபடியும் சோதித்தார்கள். முப்பது வருட முதுமை செய்த சேதத்தைவிட அந்த மூன்று வாரப் படுக்கை செய்த சேதம் அதிகம் என்று தெரிந்தது. பலரும் இந்தப் பாதியை மட்டும் சொல்லிப் பயமுறுத்துவார்கள். மறுபாதி அதைவிட முக்கியம்: 1966இல் படுக்கைக்குப் பிறகு கொடுத்த சுமார் எட்டு வாரப் பயிற்சியிலேயே இழந்தது திரும்பிவிட்டது. போனது வரும். அவசரப்பட்டு இன்னொரு முறை படுக்காமல் இருந்தால் போதும்.

எப்போது தொடங்கலாம்

வெறும் ஜலதோஷம் என்றால் கழுத்தை எல்லையாக வைத்துக்கொள்ளலாம். மூக்கு ஒழுகுதல், தும்மல், லேசான தொண்டைக் கரகரப்பு என்று எல்லாம் கழுத்துக்கு மேலேயே இருந்தால் மெதுவான பயிற்சியில் தவறில்லை. வழக்கமான வேகத்தில் பாதியில் பத்து நிமிடம் செய்து பாருங்கள். தலை தெளிந்தால் தொடரலாம். பாரம் கூடினால் அன்றைக்கு அவ்வளவுதான். நெஞ்சுச் சளி, உடம்பு வலி, வயிற்றுப்போக்கு, காய்ச்சல் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் பயிற்சி கிடையாது. இதில் நான் எந்த விலக்கும் தரமாட்டேன். உடல் வெப்பம் ஒரு டிகிரி செல்சியஸ் ஏறினாலே நாடித்துடிப்பு நிமிடத்துக்குப் பத்து அளவுக்குக் கூடுகிறது. படுத்திருக்கும்போதே இதயம் வேலை செய்துகொண்டிருக்கிறது. அதன் மேல் இன்னொரு வேலையைச் சுமத்தக் கூடாது. வியர்வை வர ஓடினால் காய்ச்சல் இறங்கிவிடும் என்ற நம்பிக்கை ஆபத்தானது.

காய்ச்சலோடு படுத்தவர்கள், பாராசிட்டமால் போடாமல் முழுதாக 24 மணி நேரம் காய்ச்சல் இல்லாமல் கழிந்த பிறகுதான் நாட்களை எண்ணத் தொடங்க வேண்டும். மாத்திரையால் இறங்கிய காய்ச்சல் கணக்கில் வராது. அதன் பிறகு நான் பார்ப்பது சாதாரண விஷயங்களை: குளித்துத் துணி மாற்றிய பின் உட்கார்ந்து ஓய்வெடுக்கத் தோன்றுகிறதா? சமதரையில் 500 மீட்டர் நடந்தால் களைப்பாக இருக்கிறதா? இரவு ஒரே மூச்சில் தூங்க முடிகிறதா? இவை தேறாத நிலையில் பயிற்சித் திட்டம் எழுத உட்கார வேண்டாம். கோவிட்-19க்குப் பிறகு பயிற்சிக்குத் திரும்புவதற்காக 2021இல் பிரிட்டன் மருத்துவர்கள் தந்த வழிகாட்டல், அறிகுறிகள் முற்றிலும் நின்று ஏழு நாள் பொறுக்கச் சொன்னது. படுக்கையில் தள்ளிய எந்த வைரஸ் காய்ச்சலுக்கும் அதே ஏழு நாளை வைத்துக்கொள்வது நல்லது என்பது என் கருத்து. வயிற்றுப்போக்கில் படுத்தவர்களுக்கு இன்னும் இரண்டு கணக்கு உண்டு: சிறுநீர் வெளிர்மஞ்சளாகப் போக வேண்டும், நோய்க்கு முன்பிருந்த எடை ஏறத்தாழத் திரும்பியிருக்க வேண்டும்.

இதயத்தைப் பற்றி ஒரு எச்சரிக்கை

வைரஸ் சில சமயம் இதயத் தசையையும் பிடிக்கும். மயோகார்டைட்டிஸ் என்பார்கள். அரிதுதான், ஆனால் அந்த நிலையில் கடுமையாகப் பயிற்சி செய்தால் இதயத் துடிப்பின் ஒழுங்கு குலைந்து உயிருக்கே ஆபத்தாகலாம். இளம் விளையாட்டு வீரர்களின் திடீர் மரணங்களுக்கு இது அறியப்பட்ட ஒரு காரணம். நெஞ்சில் வலி அல்லது அழுத்தம், காரணமில்லாமல் படபடப்பு, துடிப்பு தவறித் தவறி வருவது, பயிற்சியின் நடுவே மயக்கம், செய்யும் வேலைக்குப் பொருந்தாத மூச்சிரைப்பு, கணுக்காலில் வீக்கம் என எது வந்தாலும் அத்தோடு நிறுத்திவிட்டு மருத்துவரைப் பார்க்க வேண்டும். இசிஜி, இதயத் தசைச் சேதத்தைக் காட்டும் ட்ரோபோனின் ரத்தப் பரிசோதனை, இதயத்தை ஒலியலையால் படம்பிடிக்கும் எக்கோ ஆகியவற்றிலிருந்து அவர் தொடங்குவார். மயோகார்டைட்டிஸ் உறுதியானால் மூன்று முதல் ஆறு மாதம் வரை கடும் பயிற்சியும் போட்டிகளும் நிறுத்தப்படுவது வழக்கம். பின்பும் பரிசோதனை செய்துதான் அனுமதிப்பார்கள். இதில் மட்டும் சுயமாக முடிவெடுக்க இடமே இல்லை.

நீண்ட நாள் படுத்து எழுந்தவர்கள் கவனிக்க வேண்டிய இன்னொன்று கெண்டைக்கால். ஒரு கால் மட்டும் வீங்கி, சூடாக, தொட்டால் வலித்தால் அதைத் தசைப்பிடிப்பு என்று நினைத்து எண்ணெய் தேய்த்து உருவிவிடாதீர்கள். ஆழத்திலுள்ள சிரையில் ரத்தம் உறைந்திருக்கலாம். அன்றைக்கே காட்ட வேண்டும்.

நோய்க்கு நோய் மாறும்

டெங்குவில், ரத்தம் உறைய உதவும் பிளேட்லெட் அணுக்களின் எண்ணிக்கை இயல்புக்கு வந்ததை ரத்தப் பரிசோதனையில் பார்க்கும்வரை விழுந்து அடிபடக்கூடிய, இடித்துக்கொள்ளக்கூடிய எந்த விளையாட்டும் கூடாது. தேறிவரும் நாட்களில் நாடித்துடிப்பு வழக்கத்தைவிடக் குறைவாக இருப்பது இந்த நோயில் அடிக்கடி காணப்படுவது. பெரும்பாலும் தானாகச் சரியாகும். தலைசுற்றலும் சேர்ந்தால் மருத்துவரிடம் போக வேண்டும். கைக்கடிகாரத்தில் துடிப்பு குறைவாகத் தெரிவதைப் பார்த்து, நோய்க்குப் பின் உடல்திறன் கூடிவிட்டது என்று நினைத்துவிட வேண்டாம்.

சிக்குன்குனியாவில் மூட்டு வலி வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் நீளும். வீங்கிய மூட்டுக்கு எடை வேண்டாம், அசைவு மட்டும் போதும். தண்ணீரில் நடப்பதும், எதிர்விசை குறைத்து சைக்கிள் மிதிப்பதும் பொருந்தும். எப்ஸ்டீன்-பார் வைரஸ் காய்ச்சலில், அதாவது கழுத்தில் நெறி கட்டித் தொண்டை புண்ணாகி வரும் மோனோநியூக்ளியோசிஸில், மண்ணீரல் வீங்கியிருக்கும். அறிகுறி தொடங்கியதிலிருந்து குறைந்தது மூன்று நான்கு வாரம் கனமான எடை தூக்குவதும், மோதி ஆடும் விளையாட்டுகளும் கூடாது. வீங்கிய மண்ணீரல் கிழிந்தால் உள்ளுக்குள் ரத்தம் கொட்டும். நிமோனியாவில் இருமல் அடங்க ஆறு வாரம் ஆகலாம், களைப்பு மூன்று மாதம் வரையும் இருக்கலாம். அதைச் சோம்பல் என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

நோயைவிட மருந்து கெடுக்கிற இடமும் உண்டு. சிப்ரோஃப்ளாக்சசின், லெவோஃப்ளாக்சசின், ஓஃப்ளாக்சசின் போன்ற ஆன்டிபயாடிக்குகள் தசைநாண்களைப் பலவீனமாக்கக் கூடியவை. கெண்டைக்காலைக் குதிகாலோடு இணைக்கும் நாண்தான் அதிகம் பாதிக்கப்படுவது. 2008லேயே அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இவற்றின் அட்டையில் இதைக் கட்டம் கட்டி எச்சரிக்க உத்தரவிட்டது. மாத்திரை தொடங்கி இரண்டு நாளிலும் வலி வரலாம், நிறுத்திச் சில மாதம் கழித்தும் வரலாம். 60 வயதைத் தாண்டியவர்களுக்கும், ஸ்டீராய்டும் சேர்த்து எடுத்தவர்களுக்கும் ஆபத்து அதிகம். எனவே மருந்துச் சீட்டை எடுத்துப் பெயரைப் பாருங்கள். இந்த வகை இருந்தால் குதித்தல், ஸ்கிப்பிங், வேக ஓட்டம் ஆகியவற்றைக் கடைசிக்குத் தள்ளுங்கள். குதிகாலுக்கு மேலே வலித்தால் அந்தக் காலுக்கு முழு ஓய்வு கொடுத்து மருத்துவரிடம் சொல்லுங்கள்.

ரத்த அழுத்தத்துக்கோ இதயக் கோளாறுக்கோ தரப்படும் பீட்டா பிளாக்கர் மாத்திரை எடுப்பவர்களின் துடிப்பு அதிகம் ஏறாது. அவர்கள் துடிப்பை வைத்துப் பயிற்சியின் கடுமையை அளக்க முடியாது. மூக்கடைப்பு மாத்திரைகளில் உள்ள சூடோஎஃபெட்ரின் நேர்மாறாகத் துடிப்பை ஏற்றிவிடும். பயிற்சிக்கு முன் வலி மாத்திரை போட்டுக்கொள்வது உடம்பு சொல்வதைக் கேட்காமல் காதை மூடிக்கொள்வதுதான்.

அளந்து வைக்க வேண்டியவை

காலையில் கண் விழித்ததும், எழுவதற்கு முன் ஒரு நிமிடம் முழுக்க நாடியை எண்ணி எழுதுங்கள். 15 நொடி எண்ணி நான்கால் பெருக்கினால் ஒரு துடிப்புப் பிழை நான்காகப் பெருகும். நோய்க்கு முந்தைய எண் தெரிந்தால் அதோடு ஒப்பிடலாம். தெரியாவிட்டால், தொடங்குமுன் மூன்று நாள் எண்ணி எடுத்த சராசரி போதும். ஸ்மார்ட் வாட்ச் காட்டும் தூக்கத் துடிப்பும் பயன்படும். ஆனால் அதே வாட்ச் கணிக்கும் பயிற்சி இலக்குகளையும் துடிப்பு மண்டலங்களையும் (பயிற்சியின் கடுமைக்கேற்ற துடிப்பு எல்லைகளையும்) முதல் மாதம் அணைத்து வையுங்கள். அவை நோய்க்கு முந்தைய உடம்பை வைத்துப் போட்ட கணக்கு.

எழுந்து நிற்கும்போது தலை சுற்றுபவர்கள் இன்னொன்றும் செய்து பார்க்கலாம். ஐந்து நிமிடம் படுத்து நாடியை எண்ணுங்கள். பிறகு எழுந்து அசையாமல், பக்கத்தில் சுவரும் கூடவே ஒருவரும் இருக்க, பத்து நிமிடம் நின்று நடுநடுவே எண்ணுங்கள். பெரியவர்களுக்குத் துடிப்பு படுத்திருந்தபோது இருந்ததைவிட 30க்கு மேல் கூடி அங்கேயே நின்றால் நின்றபடி செய்யும் பயிற்சிகளை ஒதுக்கிவிட்டு மருத்துவரிடம் அந்த எண்களைக் காட்டுங்கள். மயக்கம் வருவதுபோல் இருந்தால் நேரம் முடியக் காத்திருக்காமல் உடனே படுத்துவிட வேண்டும்.

கால் வலிமைக்கு நாற்காலிச் சோதனை. கைப்பிடி இல்லாத, ஏறக்குறைய 43 சென்டிமீட்டர் உயர நாற்காலியைச் சுவரோடு ஒட்டி வைத்து, கைகளை மார்பில் குறுக்காகக் கட்டி, 30 நொடியில் எத்தனை முறை முழுதாக எழுந்து உட்கார முடிகிறது என்று எண்ண வேண்டும். 60 முதல் 64 வயது ஆண்களுக்கு 14க்குக் குறைந்தாலும் பெண்களுக்கு 12க்குக் குறைந்தாலும் அது சராசரிக்குக் கீழே. இளையவர்கள் எண்ணை யாரோடும் ஒப்பிட வேண்டாம். பத்து நாளைக்கு ஒருமுறை தங்கள் பழைய எண்ணோடு ஒப்பிட்டால் போதும்.

முதல் நான்கு வாரம்

ஒரு வாரம் போலப் படுத்து எழுந்த, அதற்கு முன் முறையாகப் பயிற்சி செய்துவந்த ஒருவருக்கானது இது. புதிதாகத் தொடங்குபவரும், மருத்துவமனையில் இருந்து வந்தவரும் ஒவ்வொரு கட்டத்தையும் இரட்டிப்பாக நீட்டிக்கொள்ளலாம்.

முதல் வாரம் நடை மட்டும். காலை பத்து நிமிடம், மாலை பத்து நிமிடம், சமதரையில். பேசினால் முழு வாக்கியம் தடையில்லாமல் வர வேண்டும். நடுவில் மூச்சு வாங்கினால் வேகம் அதிகம் என்று பொருள். கூடவே நாற்காலியில் எழுந்து உட்கார்வது எட்டு முறை வீதம் இரண்டு செட், சுவரைப் பிடித்துக் குதிகால் உயர்த்துவது பத்து முறை வீதம் இரண்டு செட், சுவரில் கை ஊன்றிப் புஷ்-அப் எட்டு. செட்டுக்கு இடையில் இரண்டு நிமிடம். இது ரொம்பக் குறைவு என்று தோன்றும். தோன்றட்டும்.

இரண்டாவது வாரம் நடையை ஒரே தடவையில் 20, பிறகு 25, 30 நிமிடம் என்று நீட்டலாம். வேகத்தைக் கூட்ட வேண்டாம். உடல் எடையிலேயே அரை ஸ்குவாட், முட்டி ஊன்றிய புஷ்-அப், முன்கைகளையும் கால்விரல்களையும் ஊன்றி உடம்பை நேராக நிறுத்தும் பிளாங்க் 15 நொடி. மூன்றாவது வாரம், 30 நிமிட நடை சிரமமில்லாமல் போனால் மட்டும், ஒரு நிமிடம் மெல்லோட்டம், இரண்டு நிமிடம் நடை என்று ஆறு சுற்று. வாரம் மூன்று நாள்; இரண்டு ஓட்ட நாட்களுக்கு நடுவே கட்டாயம் ஒரு நாள் இடைவெளி. ஜிம் செல்வோர் இந்த வாரம் பழைய எடையில் பாதி, பழைய செட்டில் பாதி என்று தொடங்கலாம். இன்னும் நான்கு முறை தூக்க முடியும் என்று இருக்கும்போதே கீழே வைத்துவிட வேண்டும். நான்காவது வாரம் மெல்லோட்ட நிமிடங்களும் எடையும் சிறிது சிறிதாகக் கூடலாம். வேக ஓட்டம், உச்ச எடை, போட்டி ஆகியவை இந்த நான்கு வாரத்துக்குள் வராது.

கூட்டுவதற்கும் ஒரு வரிசை உண்டு: முதலில் நாட்கள், பிறகு நேரம், கடைசியில்தான் வேகமும் எடையும். ஒரு வாரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். இரண்டையும் ஒன்றாக மாற்றிவிட்டு மறுநாள் உடம்பு படுத்தால் எதனால் என்று கண்டுபிடிக்க வழி இருக்காது.

மறுநாள்தான் தீர்ப்பு

செய்துகொண்டிருக்கும்போது நன்றாக இருந்தது என்பதை நான் கணக்கில் எடுப்பதே இல்லை. அட்ரினலின் ஏறிய உடம்பு எதற்கும் சரி என்று சொல்லும். மறுநாள் காலையில் மூன்றைப் பாருங்கள்: நாடித்துடிப்பு வழக்கமான எண்ணுக்கு மேல் ஐந்துக்குள் இருக்கிறதா, இரவு தூக்கம் கெடவில்லையா, தினமும் ஏறும் படிகள் நேற்றுபோலவே இருக்கின்றனவா. மூன்றும் சரியென்றால், அதே அளவை இன்னொரு முறை செய்துவிட்டு அடுத்ததற்குப் போகலாம். ஒன்று தவறினால் அன்று வெறும் நடை. இரண்டு தவறினால் ஓய்வு, பிறகு ஒரு கட்டம் கீழே. விட்ட நாட்களை ஈடுகட்ட ஒரே நாளில் இரண்டு நாள் பயிற்சியைச் செய்வது மட்டும் எப்போதும் கூடாது.

தசை வலி வேறு, சோர்வு வேறு என்று பிரித்துப் பார்க்கவும் தெரிய வேண்டும். இடைவெளிக்குப் பின் செய்த பயிற்சியின் தசை வலி ஒன்று முதல் மூன்று நாளுக்குள் உச்சத்துக்குப் போய் அடங்கும். தசை நீண்டபடியே பாரத்தைத் தாங்கும் அசைவுகள்தான் இதை அதிகம் தருபவை: மேட்டிலிருந்து இறங்குவது, ஒரு காலை முன்னே வைத்து ஆழமாக மடங்கும் லஞ்ச், புல்-அப்பில் மெதுவாகக் கீழே இறங்குவது. முன்பு பழகிய தசைக்கு இதிலிருந்து ஒரு பாதுகாப்பு இருக்கும். ஓய்வில் அது தேய்ந்துபோகிறது. ஆகவே முதல் இரண்டு வாரம் இவற்றைத் தள்ளி வையுங்கள். வலி தாங்க முடியாமல், தசை வீங்கி விறைத்து, சிறுநீர் கறுத்த தேநீர் நிறத்தில் போனால் தசை நார்கள் உடைந்து ரத்தத்தில் கலக்கின்றன என்று பொருள். சிறுநீரகத்தைக் கெடுக்கும் நிலை இது. நேராக மருத்துவமனைக்குப் போக வேண்டும். வைரஸ் காய்ச்சலில் இருந்து எழுந்த உடனே ஒரே அசைவை நூற்றுக்கணக்கில் செய்யும் சவால்களில் இறங்குபவர்களுக்கு இது நேரக்கூடியது.

சோர்வின் கதை வேறு. பயிற்சி முடிந்து 12 முதல் 48 மணி நேரம் கழித்து, செய்த வேலைக்குக் கொஞ்சமும் பொருந்தாத அளவில் ஆளைச் சாய்த்து, தலை மந்தமாகி, பழைய அறிகுறிகள் திரும்பி, அது நாட்கணக்கில் நீடித்தால் மேலே சொன்ன வாரத் திட்டம் உங்களுக்கானது அல்ல. படிப்படியாகக் கூட்டுவதே அங்கே தீங்கு. மருத்துவ வழிகாட்டல்களை வெளியிடும் பிரிட்டனின் நைஸ் (NICE) அமைப்பு, நாட்பட்ட களைப்பு நோய்க்கு அதுவரை பரிந்துரைத்த படிப்படியான பயிற்சி முறையை 2021இல் கைவிட்டது இதனால்தான். அன்றாட வேலைகளையும் சேர்த்துக் கணக்கிட்டு, சரிவு வராத எல்லைக்குள் இருந்துகொள்வதும், களைப்பு வருவதற்கு முன்பே ஓய்வெடுப்பதும்தான் அங்கே வழி. மன உறுதியால் தாண்டிவிடலாம் என்று முயன்றவர்கள் இன்னும் கீழே போயிருக்கிறார்கள்.

சில சில்லறை விவரங்கள். வார்ம்-அப்பும் கூல்-டவுனும் முன்பைவிட நீளமாக, பத்து பத்து நிமிடம் வேண்டும். சட்டென்று நின்றால் ரத்தம் காலிலேயே தங்கித் தலை சுற்றும். பிளாஸ்மா குறைந்திருக்கும் உடம்பு வெப்பத்தைத் தாங்காது. முதல் இரண்டு வாரம் வெயில் நேரத்தையும் காற்றோட்டமில்லாத அறையையும் தவிருங்கள். வைரஸுக்குப் பிந்தைய வறட்டு இருமல் மூன்று முதல் எட்டு வாரம் வரை இருக்கலாம். வேகமாக மூச்சு விட்டால் கிளம்பும் இருமல், மூக்கால் மூச்சு விடும் வேகத்திலேயே இருந்தால் பெரும்பாலும் கிளம்பாது. சாப்பாட்டில் புரதம் உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 1.2 முதல் 1.5 கிராம். 60 கிலோ எடையுள்ளவருக்கு நாளுக்கு 72 முதல் 90 கிராம், மூன்று வேளைக்கும் பிரித்து. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவர் சொன்ன அளவைத் தாண்டக் கூடாது. நோயில் எடை குறைந்ததை வசதியாக எடுத்துக்கொண்டு உணவையும் குறைக்காதீர்கள். போனதில் பெரும்பங்கு தசையாக இருக்கலாம்.

ஐந்தாவது வாரத்திலிருந்து எட்டாவது வாரம் வரை எல்லாம் சரியாகிவிட்டதுபோல் இருக்கும். மூச்சு திரும்பியிருக்கும், தசையும் பழைய எடையை நோக்கிப் போகும். தசைநாண் மட்டும் பின்தங்கியிருக்கும். குதிகால், முட்டிக்குக் கீழே, தோள் ஆகிய இடங்களில் வலி தொடங்குவது பெரும்பாலும் இப்போதுதான். அடையாளம் எளிது: காலையில் வைக்கும் முதல் சில அடிகளில் விறைப்பும் வலியும், நடக்க நடக்கக் குறையும், பயிற்சிக்கு மறுநாள் கூடும். முழு ஓய்வு இதற்குத் தீர்வாகாது. நாண் மேலும் பலவீனமாகும். குதிப்பதையும் வேகத்தையும் மட்டும் நிறுத்திவிட்டு, மெதுவாகக் குதிகால் உயர்த்தி மூன்று நொடி ஏற, மூன்று நொடி இறங்க, 12 முறை வீதம் மூன்று செட், ஒரு நாள் விட்டு ஒரு நாள் செய்து வாருங்கள். செய்யும்போது வலி பத்துக்கு மூன்றைத் தாண்டாமல், மறுநாள் காலை முதல் அடியில் முந்தைய நாளைவிடக் கூடாமல் இருந்தால் அளவு சரி. முன்பே சொன்ன ஆன்டிபயாடிக்கை எடுத்தவர்கள் இதை மருத்துவரிடம் கேட்காமல் தொடங்கக் கூடாது. இரண்டு வாரத்தில் அந்த முதல் அடி வலி குறையவில்லை என்றால் பிசியோதெரபிஸ்ட்டைப் பாருங்கள். குறைந்துவிட்டால் ஸ்கிப்பிங்கை 30 நொடி வீதம் மூன்று தடவை என்று தொடங்கலாம்.